பல்லுக்குக் கம்பியா, கண்ணுக்குத் தெரியாத உறையா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு உரைத்தொடரில், கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தில் பற்சீரமைப்பு வைத்திய நிபுணரான பழைய மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை.)



நூற்றாண்டு உரைத்தொடரில் பல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெண்கல்வி, சட்டம், இசை என்று மற்றவர்கள் பேசிய மேடையில் நான் வந்து பல்லைக் காட்டுவதா என்று செயலாளரிடம் கேட்டேன். "இப்ப பிள்ளையளின்ர அம்மாமார் எல்லாரும் இதைத்தான் கேக்கினம். கம்பி போடுறதோ, அந்தக் கண்ணாடி மாதிரிச் சாமானைப் போடுறதோ எண்டு. நீங்கள் வந்து சொல்லுங்கோ" என்றார். ஆகவே அந்தக் கேள்விக்கே வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு பழைய கதை.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எனக்கு முன்பற்கள் நன்றாக மிதந்திருந்தன. "துருவலை" என்று பட்டம். பட்டம் வைத்தவர்களில் இருவர் இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள், அவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். வாயைக் கையால் மூடிச் சிரிக்கப் பழகினேன். பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அன்று காலையில் காய்ச்சல் என்று படுத்திருக்கிறேன். அப்பா ஆசுபத்திரியில் காட்டி ஒரு பிளேட் செய்வித்தார். மேலண்ணத்தோடு ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புத் தட்டு, முன்னால் ஒரு கம்பி. கழற்றிப் போடக்கூடியது. எட்டு மாதத்தில் பற்கள் பின்னுக்கு வரத் தொடங்கின. ஒருநாள் வலைப்பந்துப் பயிற்சிக்கு முன் அதைக் கழற்றி லேஞ்சியில் சுற்றிப் பைப்படிக்குப் பக்கத்துக் கட்டில் வைத்தேன். திரும்பி வந்தபோது லேஞ்சியும் இல்லை, பிளேட்டும் இல்லை. அப்பாவுக்குச் சொல்லப் பயந்து மூன்று கிழமை மறைத்தேன். சொன்னபோது புதியது செய்யக் காசும் இல்லை, நாட்டு நிலைமையும் சரியில்லை. பற்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தப் பைப்படியும் ஒரு காரணம். இன்று சொல்லப்போவதில் பாதியும் அங்கிருந்துதான் வருகிறது.

பல் எப்படி நகர்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்வோம். தாடை என்பில் பல் சீமெந்து போட்டு இறுக்கியது போல் நிற்பதில்லை. வேருக்கும் என்புக்கும் இடையில் மெல்லிய நார் இழையம் ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மெதுவாக, தொடர்ந்து அழுத்தினால் அழுத்தம் விழும் பக்கத்து என்பைச் சில கலங்கள் கரைக்கும், மறுபக்கத்தில் வேறு கலங்கள் புது என்பைக் கட்டும். மாதத்திற்குச் சராசரியாக ஒரு மில்லிமீற்றர் அளவில் பல் நகரும். எங்கள் வீட்டு வேலிக் கதியாலை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஊறிய மண்ணில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் சாயும். அவசரப்பட்டால் வேர் அறும். இன்னொன்றும் கவனியுங்கள்: மேலே பிடித்துத் தள்ளினால் தலைதான் சாயும், அடி அதே இடத்தில் நிற்கும். அடியையும் சேர்த்து நிமிர்ந்தபடி நகர்த்துவது கடினம். பற்சீரமைப்பின் கஷ்டம் முழுவதும் இந்தக் கடைசி விடயத்தில்தான் இருக்கிறது. கம்பிக்கும் உறைக்கும் உள்ள வேறுபாடும் அங்கேதான்.

கம்பிச் சிகிச்சை இன்று நேற்று வந்ததல்ல. 1728இல் பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் போஷார் தம் நூலில், உலோகப் பட்டியில் பல்லை நூலால் கட்டி இழுக்கும் முறையை விவரித்திருக்கிறார். இன்று பிள்ளைகளின் பல்லில் நீங்கள் காணும் சிறு சதுரப் பொருத்திகளுக்கு மூலவடிவம் தந்தவர் அமெரிக்கரான எட்வேட் அங்கிள், 1928இல். செவ்வகத் துவாரத்துக்குள் செவ்வகக் கம்பி. அதனால் பல்லைத் தள்ளலாம், திருப்பலாம், வேரையும் நிமிர்த்தலாம். 1970களிலிருந்து நிக்கல்-தைத்தேனியக் கம்பியும் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமொன்றில் பிறந்த உலோகம் அது. வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம்தான் பல்லை மெதுவாக இழுக்கிறது.

உறையின் கதை வேறு. 1945இல் ஹரல்ட் கெஸ்லிங் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், கம்பி கழற்றியபின் மிஞ்சும் சிறு பிழைகளைத் திருத்த றப்பரில் ஒரு சாதனம் செய்தார். அச்சில் பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாதனங்கள் செய்தால் பெரிய அசைவுகளும் முடியும் என்று அப்போதே எழுதினார். ஆனால் ஒவ்வொரு படிக்கும் கையால் அச்சுச் செய்ய யாருக்கு நேரம்? அந்த வேலையைக் கொம்பியூட்டரிடம் கொடுத்தவர்கள் பல் வைத்தியர்களே அல்லர். ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்த ஸியா சிஷ்தி, கெல்சி வேர்த் என்ற இருவர். சிஷ்தி வளர்ந்தபின் கம்பி போட்டவர். பிறகு கொடுத்த தெளிவான ரிட்டெய்னரைச் சில நாள் போடாமல் விட்டு, மீண்டும் போட்டபோது அசைந்த பல் தன் இடத்துக்குத் திரும்புவதை உணர்ந்தார். பல்லைத் தாங்கி வைப்பதற்கான சாமான் பல்லை நகர்த்தவும் செய்கிறதே என்று யோசித்தார். 1997இல் கம்பனி தொடங்கினார்கள், 1999இல் இன்விசலைன் விற்பனைக்கு வந்தது. 2017அளவில் முதல் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கியதும் வேறு பல கம்பனிகளும் செய்யத் தொடங்கின.

செய்முறை இதுதான். வாயை ஸ்கான் செய்து, கொம்பியூட்டரில் பற்களைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அச்சு எடுத்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் உறையைப் படிய வைப்பார்கள். அதற்கு அலைனர் என்று பெயர். ஓர் உறை ஒரு பல்லைக் கால் மில்லிமீற்றர் அளவில் நகர்த்தும். ஒரு கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒன்றாக மாற்ற வேண்டும். லேசான கோணலுக்கு இருபது உறைக்குள் முடியலாம், சிக்கலானதற்கு ஐம்பதையும் தாண்டும்.

கண்ணுக்குத் தெரியாது என்பது முக்கால்வாசி உண்மை. உறை பல்லைப் பிடிப்பதற்காகப் பல்லின் நிறத்திலேயே சிறு பொட்டுகளைப் பல்லில் ஒட்டுவோம். கிட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியும். சிலருக்குப் பற்களுக்கிடையில் தலைமயிர் அகலத்துக்குத் தேய்த்து இடம் எடுக்கவும் வேண்டியிருக்கும். இதையெல்லாம் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

நன்மைகளை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. கம்பி போட்ட பிள்ளைக்குப் பல் துலக்குவது ஒரு தண்டனை. பொருத்தியைச் சுற்றி அழுக்குத் தங்கி, கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் தழும்பு விழுந்த பிள்ளைகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். அலைனரைக் கழற்றிவிட்டு வழமைபோலத் துலக்கலாம், முரசு சுகமாக இருக்கும். புளுக்கொடியல் கடிக்கலாம், முறுக்குத் தின்னலாம். கம்பி கன்னத்தைக் குத்திவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டியதில்லை. வலைப்பந்து விளையாடுகிற பிள்ளைக்குப் பந்து முகத்தில் பட்டால் உதடு கிழியாது. வங்கியில் வேலைசெய்யும் ஒரு தாய், இரண்டு பிள்ளை பெற்றபின் முன்பல்லில் விழுந்த இடைவெளியோடு வந்தார். "இந்த வயதில கம்பி போட்டால் கவுண்டரில எப்படி இருக்கிறது?" என்றார். ஏழு மாதத்தில் உறைகளாலேயே இடைவெளி மூடியது. இப்படியானவர்களுக்கு அலைனர் ஒரு வரப்பிரசாதம். கம்பிக்கு வெட்கப்பட்டே சிகிச்சையைத் தவிர்த்த எத்தனையோ பெண்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் வருகிறார்கள்.

ஆனால் கதியாலின் அடியை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லின் தலையைச் சாய்ப்பதில் உறை கெட்டி. வேரை நிமிர்த்துவது, உருண்டையான வேட்டைப்பல்லையும் முன்கடைவாய்ப்பல்லையும் சுழற்றுவது, மேலே ஏறி நிற்கும் பல்லைக் கீழே இழுப்பது, பல் பிடுங்கிய இடத்தைச் சாயாமல் மூடுவது, இவற்றிலெல்லாம் அது தடுமாறும். வழுக்கும் உருண்டைப் போத்தலைப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுத் திருப்பிப் பாருங்கள், விளங்கும். கொம்பியூட்டர் காட்டிய அசைவில் எவ்வளவு உண்மையில் வாயில் நடந்தது என்று 2009இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். சராசரியாக 41 சதவீதம். 2020இல் மீண்டும் அளந்தபோது 50 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் திரையில் பல் வரிசையாக நிற்பதைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு அந்த இலக்கம் போதும். முதல் தொகுதி முடிந்ததும் திரும்ப ஸ்கான் எடுத்து இரண்டாவது தொகுதி செய்வது அதனால்தான் வழக்கமாகிவிட்டது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையை அவளின் அம்மா கூட்டிவந்தார். இரண்டு வேட்டைப்பற்களும் முரசில் உயர்ந்து வெளியே நின்றன. இரண்டு பல் பிடுங்கி, கம்பி போட வேண்டிய வாய். பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். அம்மா, "கம்பி வேண்டாம் டொக்டர். பிள்ளை கம்பஸுக்குப் போற வயது, ஆக்கள் பகிடி பண்ணுவினம். கனடாவில தம்பி காசு அனுப்புறான், அந்தக் கண்ணாடிச் சாமானைப் போடுங்கோ" என்று நின்றார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வழுக்கினேன் என்று நினைக்கிறேன். "முயற்சி செய்து பார்ப்போம்" என்றேன்.

ஒன்பது மாதம். பிள்ளை ஒழுங்காகப் போட்டாள், அவளில் குற்றமில்லை. வேட்டைப்பல்லுக்கும் உறைக்கும் இடையில் வெளி விழத் தொடங்கியது. பல் கீழே வரவில்லை. பிடுங்கிய இடத்துக்குள் கடைவாய்ப்பற்கள் சாயத் தொடங்கின. ஒருநாள் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது சரிவராது, கம்பி போட வேண்டும்" என்றேன். பிள்ளை அழவில்லை. "அப்ப இதை முதலே போட்டிருக்கலாமே டொக்டர்" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, தம்பி அனுப்பியது பாதிதான், மீதிக்கு அம்மா காப்பை அடைவு வைத்திருந்தார் என்று. கம்பிக்கு நான் காசு வாங்கவில்லை. பதினாறு மாதத்தில் பற்கள் வரிசைக்கு வந்தன. ஆனால் ஒன்பது மாதத்தையும் காப்பையும் நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே அம்மாமாருக்கு நான் சொல்வது, வைத்தியரிடம் போகும்போது "அலைனர் போடுங்கோ" என்று போகாதீர்கள். "பிள்ளையின் வாய்க்கு எது வேண்டும், ஏன்?" என்று கேளுங்கள். அலைனரால் முடியாதது எது என்றும் கேளுங்கள். அதற்கு விளக்கம் தராமல் திரையை மட்டும் காட்டுகிறவரிடம் அவசரப்பட்டுக் காசு கட்ட வேண்டாம். முற்பணம் கட்டு முன், இடையில் கம்பிக்கு மாற வேண்டி வந்தால் செலவு யாருடையது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வீடு கட்டும்போது மேசனிடம் கேட்கிறோம்தானே.

தபாலில் வரும் அலைனர் பற்றியும் கேட்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் மூலமாக. வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் உறைகள் தபாலில் வரும். இந்த வியாபாரத்தைப் பெரிதாகச் செய்தது 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல் டிரெக்ட் கிளப். 2023 டிசம்பரில் அது ஒரேயடியாக மூடப்பட்டபோது, சிகிச்சை பாதியில் நின்றவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். கம்பனி மூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். எக்ஸ்றே எடுக்காமல், முரசை விரலால் தொட்டுப் பார்க்காமல் பல்லை நகர்த்துவதுதான் எனக்குப் பயம். முரசு நோயால் என்பு கரைந்த வாயில் பல்லைத் தள்ளினால் அது நகராது, கழரும்.

செலவுக்கு வருகிறேன். அலைனர் முழுச் சிகிச்சை தனியாரிடம் பல இலட்சம் ரூபாய். கம்பி அதைவிடக் குறைவு. அரச வைத்தியசாலைகளின் பற்சீரமைப்புப் பிரிவுகளில் கம்பிச் சிகிச்சை இலவசம், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். அதனால் பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். பட்டியலில் பெயர் ஏறட்டும். உலோகம் தெரியக்கூடாது என்றால் பல்லின் நிறத்தில் செரமிக் பொருத்திகளும் உண்டு. இலவசமாகப் போட்ட கம்பி இரண்டாந்தரம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். நான் கற்றதும் கைபழகியதும் அந்தக் கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்றுதான்.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதியாலை அவசரப்படுத்த வேண்டாம். கலியாணப் படத்தில் கம்பியோடு சிரிக்கிற பெண்ணை நான் ஒரு கண்காட்சியாகப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை வீட்டாரும் பார்க்காமல் இருப்பார்களாக.

இப்போது முன்வரிசைத் தங்கைமாருக்கு. அலைனரை ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணித்தியாலம் போட வேண்டும். கேட்க லேசு. மிஞ்சுவது இரண்டு மணித்தியாலம். காலை, மதியம், பின்னேரத் தேநீர், இரவு, ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்றால் முடிந்தது. உறையோடு தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம். பிளேன்ரீ குடித்தால் கறை பிடிக்கும், சுடச்சுடக் குடித்தால் உறை நெளியும், இனிப்புக் குடித்தால் அது உறைக்குள் தங்கிப் பல்லை அரிக்கும். கொறித்துக்கொண்டே படிக்கிற பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். ரியூசனுக்குப் போகிற வழியில் றோல்ஸ் வாங்கித் தின்றால், வாயைக் கொப்பளித்து உறையைத் திரும்பப் போடும்வரை அந்த நேரமும் கணக்கில் சேரும். கம்பி பல்லோடு ஒட்டியிருப்பதால் நீங்கள் மறந்தாலும் அது வேலை செய்யும். உறை அப்படியல்ல. கழற்றி வைத்த நேரத்தில் பல் திரும்பி நடக்கும். பைப்படியில் தொலைந்த என் பிளேட்டும் இதே இனம்தான், அது இளஞ்சிவப்பு, இது நிறமில்லாதது.

நான் இதைத் துணிந்து சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் பேசத் தொடங்கியதிலிருந்து 'ச'வும் 'ஸ'வும் கொஞ்சம் கொழகொழத்து வருவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். என் வாயில் இப்போது பதினோராவது உறை இருக்கிறது. அந்தப் பழைய மிதப்பைப் பெரதெனியாவில் படித்த காலத்தில் கம்பி போட்டு ஓரளவு சரிசெய்தேன். பின் ரிட்டெய்னரைப் போடுவதில் அலட்சியமாக இருந்தேன், நோயாளிகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே. முன்பற்கள் மீண்டும் ஒன்றையொன்று ஏறத் தொடங்கின. லேசான கோணல் என்பதால் அலைனருக்குப் பொருத்தமான வாய். முதல் மூன்று நாள் ஒவ்வொரு புது உறையும் இறுக்கும், அந்த நோவு எனக்கு இப்போது நோயாளியாகவும் தெரியும். சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில் உறையை ரிசூவில் சுற்றி வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இலை எடுக்கும் தம்பியின் பின்னால் ஓடினேன். ஐம்பது தாண்டிய பல் வைத்தியர்!

கம்பியோ உறையோ, முடிந்த பின் ரிட்டெய்னர் போட வேண்டும். முதலில் நாள் முழுவதும், பிறகு இரவில். எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். பல் வரிசையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற நாள் வரைக்கும்.

செயலாளர் தேநீர் தயார் என்று கை காட்டுகிறார். மிச்சக் கேள்விகளை அங்கே கேளுங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன். எனக்கு மட்டும் முதலில் பைப்படிக்குப் போய்வர இரண்டு நிமிடம் தாருங்கள். இந்த முறை டப்பா கைப்பைக்குள் இருக்கிறது.